வாவியிலும் வயலிலும் சக்தி போகும் வழி, சத்து சுற்றும் வழி

மட்டக்களப்பு வாவியில் இறாலும் சிறு மீனும் வலை நிறையப் படுகிற நாட்கள் உண்டு. சிறு மீனைத் தின்கிற கொடுவா அப்படிப் படுவதில்லை. ஒன்றிரண்டு அகப்பட்டாலே அன்றைக்கு நல்ல பாடு. கரையில் நின்று மேலே பார்த்தாலும் இதே கணக்குத்தான். நீர்க்காகங்கள் கூட்டமாகப் பறக்கும். வெள்ளை வயிற்றுக் கடற்பருந்து தனியாகவோ சோடியாகவோ வட்டமிடும், அவ்வளவே. கொடுவாவுக்கு விலை கூட என்பதால் பிடித்துத் தீர்த்துவிட்டார்கள் என்று சொல்வது பாதிப் பதில்தான். வாவியில் பத்து வருடம் யாரும் வலை போடாமல் விட்டாலும், கொடுவாவின் மொத்த எடை சிறு மீன்களின் மொத்த எடையை எட்டவே எட்டாது.

ஏன் எட்டாது என்பதைப் புரிந்துகொண்டால், வாவியைப் பற்றி மட்டுமல்ல, வயலைப் பற்றியும் காட்டைப் பற்றியும் பல விஷயங்கள் விளங்கும். சாதாரண தர விஞ்ஞானப் புத்தகத்தில் இந்தப் பாடம் இருக்கிறது. உற்பத்தியாக்கி, நுகரி, பிரிகையாக்கி என்று அம்புக்குறி போட்ட படத்தைப் பிள்ளைகள் மனப்பாடம் பண்ணி எழுதிப் புள்ளியும் எடுத்துவிடுகிறார்கள். அந்த அம்புகள் தங்கள் வீட்டுக் கோடிக்குப் பின்னால் இருக்கிற ஆற்றையும் வட்டை என்கிற வயல்வெளியையும்தான் காட்டுகின்றன என்பது பலருக்குத் தெரியாமலே போய்விடுகிறது. எனக்கு அது பெரிய மனக்குறை. அதனால் இங்கே நம்முடைய இடங்களை வைத்தே சொல்கிறேன்.

ஓர் இடத்தில் வாழும் உயிர்கள், அவற்றைச் சுற்றியுள்ள நீர், மண், காற்று, வெளிச்சம் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தொகுதியாகப் பார்க்க வேண்டும் என்று 1935இல் ஆர்தர் டான்ஸ்லி என்ற பிரித்தானியத் தாவரவியலாளர் எழுதினார். அந்தத் தொகுதிக்குத்தான் சூழற்றொகுதி என்று பெயர். மட்டக்களப்பு நகரத்தைத் தொட்டுக்கொண்டு கல்முனைப் பக்கம் வரை ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கிற வாவி ஒரு சூழற்றொகுதி. வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் ஒரு வட்டை இன்னொன்று. சேனநாயக்க சமுத்திரம் என்ற நீர்த்தேக்கத்தைச் சுற்றிய காடு வேறொன்று.

இந்தத் தொகுதிகள் எல்லாவற்றுக்குள்ளும் இரண்டு ஓட்டங்கள் நடக்கின்றன. ஒன்று சக்தியின் ஓட்டம். மற்றது சடப்பொருளின் ஓட்டம், அதாவது காபன், நைதரசன், பொசுபரசு போன்ற பொருட்கள் போய்வருவது. இரண்டும் பெரும்பாலும் ஒரே வாயால் உள்ளே போகின்றன, ஆனால் முடிவு ஒன்றல்ல. சோறு ஆக்கி முடித்ததும் அடுப்பின் சூடு காற்றோடு போய்விடும், பானை நாளைக்கும் இருக்கும். சக்தி அந்தச் சூடு, சடப்பொருள் அந்தப் பானை. சூட்டைத் திரும்பப் பிடித்து நாளைய சோற்றுக்கு வைக்க முடியாது. ஒவ்வொரு நாளும் புதிதாக மூட்ட வேண்டும். அந்த வேலையைச் சூரியன் செய்கிறது.

சரி, முதலில் வெயிலைப் பார்ப்போம்.

வாவியில் விழுகிற வெளிச்சத்தில் ஒரு பகுதி தெறித்துப் போகும், பெரும்பகுதி நீரைச் சூடாக்கும். பச்சையம் உள்ள உயிர்கள் பிடித்துத் தங்கள் உடலாக மாற்றுவது மிகச் சிறிய பங்கு. தாவரங்களைப் பொதுவாக எடுத்துப் பார்த்தால் நூற்றுக்கு ஒன்று என்ற அளவில்தான் இருக்கும். உலகத்து உயிர்களில் ஏறக்குறைய எல்லாமே அந்த ஒரு பங்கை நம்பித்தான் வாழ்கின்றன. அந்தப் பிடிப்பின் பெயர் ஒளித்தொகுப்பு. காபனீரொட்சைட்டும் நீரும் வெல்லமாக மாறும், ஒட்சிசன் வெளியே வரும், வெளிச்சத்தில் இருந்த சக்தி வெல்லத்தின் பிணைப்புகளுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

வாவிக்குள் இதைச் செய்வது யார்? கரையில் நிற்கிற கண்டல் மரங்கள் கண்ணுக்குத் தெரிகின்றன, அடியில் கடற்புல் கிடக்கிறது. ஆனால் பெரிய வேலைக்காரர் கண்ணுக்குத் தெரியாத அல்காக்கள், அதாவது நுண்பாசிகள். நீரில் மிதக்கிறவற்றைத் தாவரப் பிளாந்தன் என்பார்கள். ஒரு போத்தலில் வாவி நீரை அள்ளி வெள்ளைக் கடதாசிக்கு முன்னால் பிடித்தால் மெல்லிய பச்சையோ மஞ்சட்பச்சையோ தெரியும், அதில் பெரும்பங்கு இவைதான். நம் வாவி பெரும்பாலான இடங்களில் இரண்டு மீற்றருக்கும் ஆழம் குறைந்தது. நீர் கலங்காத நாளில் வெளிச்சம் அடிவரை போகும், அதனால் அடிச்சேற்றின் மேலும் அல்கா படரும். ஆழ்கடலுக்கு இந்த வசதி இல்லை. வாவி இவ்வளவு மீன் தருவதற்கு முக்கியமான காரணங்களில் இது ஒன்று.

இனி அந்த வெல்லத்துக்கு என்ன நடக்கிறது என்று பார்க்கலாம்.

அல்காவை விலங்குப் பிளாந்தன் தின்னும். தின்றது எல்லாம் அதன் உடலாகுமா? ஆகாது. ஒரு பகுதி செரிக்காமல் கழிவாக வெளியே போகும். செரித்ததில் பெரும்பங்கு சுவாசத்தில் எரிந்துவிடும். நீந்துவது, தப்பி ஓடுவது, உடலைப் பழுதுபார்ப்பது எல்லாவற்றுக்கும் அந்தச் சக்திதான் செலவு. செலவானது வெப்பமாக மாறி நீரிலும் காற்றிலும் கலந்துவிடும். அந்த வெப்பத்தைப் பிடித்து மறுபடி உணவாக்க எந்த உயிராலும் முடியாது. மிஞ்சுவது உடலாகச் சேர்ந்த பங்கு மட்டும். அடுத்த விலங்குக்குக் கிடைப்பதும் அந்த மிச்சம்தான்.

இந்த மிச்சம் சராசரியாகப் பத்தில் ஒன்று என்று பாடத்தில் சொல்வார்கள். 1,000 கிலோ அல்கா இருந்தால் 100 கிலோ விலங்குப் பிளாந்தன் வளரும், அதைத் தின்று 10 கிலோ சிறு மீன், அதைத் தின்று 1 கிலோ கொடுவா. ஒவ்வொரு படிக்கும் போசணை மட்டம் என்று பெயர். கொடுவா நாலாவது மட்டத்தில் நிற்கிறது. அதைத் தின்கிற கடற்பருந்து ஐந்தாவது. அந்த 1 கிலோவைத் தின்று பருந்தின் உடலில் சேருவது 100 கிராமும் வராது. இதற்கு மேல் ஒரு படி வைத்து இன்னொரு விலங்கு பிழைக்க வேண்டுமென்றால் அது வாவி முழுவதையும் சுற்றினாலும் வயிறு நிறையாது. உணவுச்சங்கிலிகள் நாலைந்து படிகளோடு நின்றுவிடுவதற்கு இதுவே முக்கியமான காரணம்.

பத்தில் ஒன்று என்பதைச் சட்டம் போல எடுத்துக்கொள்ள வேண்டாம். இடத்துக்கு இடம், உயிருக்கு உயிர் அது மாறும். நூற்றுக்கு ஐந்து முதல் இருபது வரை போகலாம். நீர்க்காகம் போன்ற வெப்பக் குருதி உயிர்கள் உடம்புச் சூட்டைக் காப்பதற்கே பெரும் சக்தியைச் செலவழிக்கின்றன. செரித்ததில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்குதான் அவற்றின் உடலாகச் சேரும். மீனுக்கு அந்தச் செலவு இல்லை, அதனால் அது கூடுதலாகச் சேர்க்கும்.

இந்தக் கணக்கை முதலில் ஒழுங்காகப் போட்டவர்களில் ஒருவர் றேமண்ட் லிண்டெமன் என்ற அமெரிக்க இளைஞர். மினசோட்டாவில் ஒரு சிறிய சேற்று ஏரியில் பாசி, பூச்சி, மீன், அடிச்சேறு எல்லாவற்றையும் அளந்து, ஏரியின் வாழ்க்கையைச் சக்திக் கணக்காக எழுதினார். முதலில் அந்தக் கட்டுரையை வேண்டாம் என்று மறுத்தார்கள். 1942இல் அது அச்சில் வந்தபோது அவர் உயிரோடு இல்லை. இருபத்தாறு வயதில் நோயால் இறந்துவிட்டார். இன்று உலகம் முழுக்கப் பிள்ளைகள் படிக்கிற சக்திப் பாய்ச்சல் பாடத்தின் அடி அந்த ஏரிச் சேற்றில்தான் இருக்கிறது.

இப்போது திரளியையும் மணலையையும் பார்ப்போம். இந்த மீன்கள் குறுக்கு வழியில் போகிறவை. சேற்றோடு அல்காவையும் உக்கிய துகள்களையும் உறிஞ்சித் தின்னும். வெட்டிக் கழுவும்போது பார்த்தால் வயிற்றுக்குள் தடித்த தசையால் ஆன, உருண்டையான ஒரு பை இருக்கும். அறுத்தால் உள்ளே மண்ணும் சேறும். அந்த மண்ணைக்கொண்டுதான் அது இரையை அரைக்கிறது. முதல் படியில் இருந்து நேராகத் தின்பதால் இடையில் சக்தி இழக்கப்படுவது குறைவு. அதே 1,000 கிலோ அல்காவில் இருந்து ஏறக்குறைய 100 கிலோ திரளி வரலாம். வாவியை நம்பி வாழும் குடும்பங்களுக்கு அன்றாடம் கறிக்குக் கிடைக்கிற மீன் பெரும்பாலும் கீழ்ப்படி மீனாக இருப்பது இதனால்தான்.

அம்பாறைப் பக்கம் யானையும் இதே விஷயத்தைச் சொல்கிறது. தரையில் வாழ்கிற மிகப் பெரிய விலங்கு ஏன் புல்லும் இலையும் தின்கிறது? வேட்டையாடிப் பிழைக்கிற விலங்குக்கு அவ்வளவு பெரிய உடம்பைக் காப்பாற்ற இரை போதாது. இரண்டாம் மட்டத்தில் நிற்பதால்தான் அந்த உடம்பு சாத்தியமாகிறது. நன்கு வளர்ந்த யானை ஒரு நாளைக்கு ஏறக்குறைய 150 கிலோ தீன் தின்னும். அதில் பாதியைக்கூட அது செரிப்பதில்லை. வழியில் கிடக்கிற யானை விட்டையை ஒரு குச்சியால் பிரித்துப் பாருங்கள், நார் நாராக இருக்கும், சில நேரம் முழு விதையும் இருக்கும். யானை எடுக்காமல் விட்ட சக்தி அது. சாணி வண்டும் கறையானும் காளானும் அதில்தான் வாழ்கின்றன.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். உணவுச்சங்கிலிப் படத்தில் புல், மான், சிறுத்தை என்று உயிரோடு ஓடுகிறவற்றை மட்டும் வரைகிறோம். உண்மையில் பெரும்பாலான சூழற்றொகுதிகளில், செடி பிடித்த சக்தியில் பெரும்பங்கை உயிரோடு இருக்கும்போது யாரும் தின்பதில்லை. அது இலையாக உதிர்ந்து, தண்டாகச் சாய்ந்து, உக்கித்தான் மற்றவர்களுக்குப் போகிறது. உக்கல் வழி என்று சொல்லலாம். என் கருத்தில் பாடத்தில் முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான்.

கண்டல் காட்டோரம் ஒரு தரம் குனிந்து பார்த்தால் போதும். மரத்தின் கீழே மூன்று விதமான இலைகள் கிடக்கும். அப்போதுதான் விழுந்தது மஞ்சளாக, தடிப்பாக இருக்கும். அந்த மஞ்சளுக்குக் காரணம் உண்டு. உதிர்ப்பதற்கு முன் மரம் இலையில் இருந்த நைதரசனில் ஒரு பகுதியைத் திருப்பி எடுத்துவிட்டது. அதனால் புதிதாக விழுந்த இலையில் தின்கிறவர்களுக்குப் பெரிய ஊட்டம் இல்லை, துவர்ப்பும் கூட. அதற்குப் பக்கத்தில் பழுப்பு இலை ஒன்று ஊறிக் கிடக்கும், சுற்றி நீர் தேயிலைச் சாயம் போல இருக்கும். மூன்றாவது இலை கறுத்து, விரல் வைத்தால் வழுக்கும், நரம்பு மட்டும் வலை போல மிஞ்சியிருக்கும். அந்த வழுக்கல்தான் பற்றீரியாவும் பங்கசும். அவை இலையின் காபனை எடுத்து, நீரில் கரைந்திருக்கிற நைதரசனையும் சேர்த்துத் தங்கள் உடலைக் கட்டுகின்றன. ஆகவே அழுகின இலைத்துண்டில் புதிய இலையைவிடப் புரதம் கூட. இறாலும் சிறு நண்டும் அதைத்தான் தேடி வருகின்றன. அவை தின்று கழித்த துகளின் மேல் பற்றீரியா மறுபடி படரும், அதை வேறொன்று மறுபடி தின்னும். ஒரே துகள் பல வயிறுகளுக்குள் போய்வரும்.

காலால் சேற்றைக் கிளறினால் கூழ்முட்டை மணம் வரும். அடிச்சேற்றில் ஒட்சிசன் இல்லை. அங்கே உள்ள பற்றீரியாக்கள் ஒட்சிசனுக்குப் பதிலாகக் கடல் நீரில் உள்ள சல்பேற்றைப் பயன்படுத்தி உக்க வைக்கின்றன, அப்போது வெளிவருகிற வாயுதான் மணக்கிறது. அந்த வழியில் உக்குவது மெதுவாக நடக்கும். அதனால் இலையிலும் வேரிலும் இருந்த காபன் நீண்ட காலம் சேற்றுக்குள்ளேயே புதைந்து கிடக்கும். கண்டல் காட்டை வெட்டி மண் நிரப்பினால் மீன் குஞ்சுகளின் இடம் போவதோடு, அப்படிச் சேர்ந்த காபனும் காற்றுக்குப் போகத் தொடங்கும்.

இப்படிச் சக்தி கடைசிப் பற்றீரியாவின் சுவாசம் வரை போய் வெப்பமாகத் தீர்ந்துவிடும். சடப்பொருள் தீராது. இலையில் இருந்த காபன் காபனீரொட்சைட்டாக வெளியே வந்து இன்னோர் இலைக்குள் போகலாம். நைதரசனும் பொசுபரசும் கரைந்து அல்காவுக்குப் போகும். சுற்று அங்கே மறுபடி தொடங்கும்.

காபனின் சுற்று எளியது, காற்றிலும் நீரிலும் அது தாராளமாக இருக்கிறது. நைதரசன்தான் சிக்கல் பிடித்தது. காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைதரசன். நெல் அதற்குள் மூழ்கி நின்றுகொண்டே நைதரசன் போதாமல் மஞ்சளாகும். காற்றில் இருக்கிற வடிவத்தில் செடியால் அதை எடுக்க முடியாது. யாராவது அதை உடைத்துக் கொடுக்க வேண்டும். மின்னல் கொஞ்சம் உடைக்கிறது. மீதியைச் சில பற்றீரியாக்கள் செய்கின்றன. வயல் நீரில் படர்கிற நீலப்பச்சை அல்கா அப்படி ஒன்று. மணல் தரையில் போட்ட கச்சான் செடி ஒன்றை வேரோடு மெதுவாகப் பிடுங்கி மண்ணை உதறுங்கள். வேரில் சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கும். நகத்தால் ஒன்றைக் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பு தெரியும். அந்தச் சிவப்பு இருந்தால் பற்றீரியா உள்ளே வேலை செய்கிறது என்று அர்த்தம். செடி அதற்கு வெல்லம் கொடுக்கிறது, அது செடிக்கு நைதரசன் கொடுக்கிறது. நெல்லுக்குப் பிறகு பயறோ கௌபியோ போடுகிற வழக்கத்தின் பயனும் இந்த முடிச்சில்தான் இருக்கிறது.

பொசுபரசுக்கு வாயு வடிவமே இல்லை என்று சொல்லலாம். பாறையில் இருந்து கரைந்து மண்ணுக்கு, மண்ணில் இருந்து செடிக்கு, செடியில் இருந்து விலங்குக்கு, கடைசியில் கடலடிச் சேற்றுக்கு. அங்கிருந்து மறுபடி பாறையாகி மேலே வரக் கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆகும். அனுராதபுர மாவட்டத்து எப்பாவலையில் தோண்டி எடுக்கிற பொசுபேற்றும் பூமிக்கடியில் இருந்த பாறைதான்.

இந்தச் சுற்றுகளை நாம் எங்கே அறுக்கிறோம் என்பதற்கு வட்டையைவிட நல்ல உதாரணம் இல்லை. காட்டில் இலை விழுந்த இடத்திலேயே உக்குகிறது. வயலில் அறுவடை முடிந்ததும் நெல் லொறியில் ஏறிப் போகிறது. 100 கிலோ நெல்லில் ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாக நைதரசன் இருக்கும். ஓர் ஏக்கரில் 2 தொன் விளைந்தால் இருபது கிலோவுக்கு மேல் நைதரசன் வட்டையை விட்டுப் போய்விட்டது. கொழும்பிலோ கண்டியிலோ யாரோ சாப்பிட்டு, அது அங்கே மலசலகூடக் குழிக்குள் முடிகிறது. திரும்பி வராது. அதற்கு மேல் வைக்கோலைக் கொளுத்தினால் அதில் இருந்த நைதரசன் ஏறக்குறைய முழுவதும் புகையோடு போகும். பொற்றாசியத்தில் பெரும்பங்கு சாம்பலில் நிற்கும், ஆனால் முதல் மழை அதையும் கழுவலாம். நெற்பயிர் எடுத்த பொற்றாசியத்தில் பெரும்பகுதி மணியில் இல்லை, வைக்கோலில்தான் இருக்கிறது. வைக்கோலை வயலிலேயே பரப்பி உழுது விடுகிறவர்கள், எருமைக்குப் போட்டுச் சாணத்தைத் திரும்ப வயலுக்குக் கொண்டுவருகிறவர்கள், இரண்டு சாராரும் அந்தச் சுற்றை ஓரளவு கட்டிக் காக்கிறார்கள். அவசரத்துக்குக் கொளுத்துகிற விவசாயியின் கஷ்டமும் எனக்குத் தெரியும். அடுத்த போகத்துக்கு நாட்கள் குறைவு, உழவு கூலி ஏறிவிட்டது. ஆனாலும் புகையாகப் போவது காசு கொடுத்து வாங்குகிற பசளைதான்.

யூரியா இந்த இடைவெளியை நிரப்புகிறது. 100 கிலோ யூரியாவில் 46 கிலோ நைதரசன். 2021இல் அரசு இரசாயனப் பசளை இறக்குமதியைத் திடீரென நிறுத்தியபோது நடந்தது கிழக்கில் யாருக்கும் மறக்காது. பயிர் மஞ்சளானது, அந்தப் பெரும்போக விளைச்சல் நாடு முழுவதும் சரிந்தது. சேதனப் பசளை நல்லதுதானே என்று பலர் கேட்டார்கள். நல்லதுதான், ஆனால் கணக்கைப் பாருங்கள். கூட்டெருவில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு நைதரசன் என்று வைத்தால், 100 கிலோ யூரியாவுக்கு ஈடு செய்ய 3 தொன்னுக்கு மேல் எரு வேண்டும். அந்த எருவில் உள்ள நைதரசனும் பற்றீரியா உக்க வைத்த பிறகே பயிருக்குக் கிடைக்கும், அது ஒரு போகத்துக்குள் முடிகிற வேலையல்ல. மண்ணில் சேதனப் பொருளைச் சேர்த்துச் சேர்த்து வருடக்கணக்கில் மாற வேண்டியதை ஒரே போகத்தில் மாற்றச் சொன்னார்கள். சடப்பொருள் வட்டம் வர்த்தமானிக்குக் கட்டுப்படாது.

மறுபக்கமும் உண்டு. வயலில் வீசுகிற யூரியாவில் பாதிக்கும் குறைவாகத்தான் பொதுவாக நெல்லுக்குப் போகிறது. மீதியில் ஒரு பகுதி வாயுவாகிக் காற்றுக்குப் போகும், ஒரு பகுதி நீரோடு வாய்க்காலுக்குப் போகும். மாரி மழையில் படுவான்கரை வாய்க்கால்கள் எல்லாம் எங்கே வந்து விழுகின்றன? வாவிக்குள். நகரத்துக் கழிவு நீரும் அங்கேதான். வயலில் குறைந்துபோன அதே சத்து வாவியில் கூடிப்போகிறது. இதை நற்போசணையாக்கம் என்பார்கள்.

சத்துக் கூடினால் மீன் கூடும்தானே என்று நினைக்கத் தோன்றும். ஓரளவு வரை கூடும். அதற்கு மேல் ஆற்றுவாழை கரையோரத்தை மூடும், வெளிச்சம் கீழே போகாது, அடியில் உள்ள புல் சாகும். அல்லது நீர் கொளகொளவென்று பச்சையாகும். பகலில் அல்கா ஒட்சிசனை வெளிவிடும், பிரச்சினை தெரியாது. இரவில் ஒளித்தொகுப்பு நின்றுவிடும், ஆனால் அல்கா, மீன், பற்றீரியா எல்லாமே மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். செத்த அல்காவை உக்க வைக்கிற பற்றீரியா இன்னும் கூடுதலாக ஒட்சிசனை இழுக்கும். விடியும் நேரத்தில் நீரில் ஒட்சிசன் மிகக் குறைந்திருக்கும். அப்போது மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து நீரின் மேல்மட்டத்தை உறிஞ்சும். மழை மூட்டமாக, காற்றே இல்லாமல் இரண்டு நாள் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். செத்து மிதந்ததும் யாரோ நஞ்சு போட்டுவிட்டார்கள் என்று பேச்சு கிளம்பும். சில இடங்களில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் மீன் எந்த நேரத்தில் செத்தது, முதல்நாள் நீர் என்ன நிறம், வானம் எப்படி இருந்தது என்ற மூன்றையும் கேட்காமல் முடிவுக்கு வரக்கூடாது. விடியற்காலையில், பெரிய மீன்கள் முதலில், பச்சை நீரில் என்றால் மூச்சுத்திணறலாக இருப்பதற்கு வாய்ப்புக் கூட.

இந்த வாவிக்குக் கடலோடு வாசல் இருக்கிறது. முகத்துவாரம். கோடையில் மணல் மூடிக்கொள்ளும், மாரி வெள்ளத்தில் தானாக உடையும், அல்லது வெட்டி விடுவார்கள். திறந்தால் தேங்கிய சத்தும் சேறும் கடலுக்குப் போகும், உப்பு நீர் உள்ளே வரும். அதோடு இன்னொன்றும் வரும். வாவியில் பிடிக்கிற பெரிய இறால் வகைகள் முட்டையிடுவது கடலில். குஞ்சுகள் கண்ணுக்கு அரிதாகத் தெரிகிற அளவில் முகத்துவாரம் வழியே உள்ளே வந்து, கண்டலோரத்து உக்கலைத் தின்று வளர்ந்து, பிறகு முட்டையிடக் கடலுக்குத் திரும்பும். வயலில் இருந்து கழுவுண்ட நைதரசனில் கொஞ்சம் இறாலின் தசையாகிக் கடலுக்கு நடந்து போகிறது என்று சொன்னால் அது முழு உண்மை. முகத்துவாரத்தை எப்போது வெட்டுவது என்ற பேச்சில் வயலும் வீடும் தாழ்வதை மட்டும் கணக்கில் எடுக்கிறார்கள். அது அவசரமான கணக்கு, மறுக்கவில்லை. இறால் குஞ்சு உள்ளே வருகிற காலத்தையும் அதே மேசையில் வைத்துப் பேச வேண்டும் என்பது என் எண்ணம்.

எல்லாப் பொருளும் இப்படி நல்லபடி சுற்றுவதில்லை. உடம்பு எரிக்கவும் முடியாமல் இலகுவில் வெளியேற்றவும் முடியாமல் தங்கிவிடுகிற பொருட்கள் படிக்குப் படி செறியும். பாதரசம் அப்படி. சக்தி ஒவ்வொரு படியிலும் பத்தில் ஒன்றாகக் குறையும்போது, பாதரசம் கூடிக்கொண்டே போகும். கர்ப்பிணிகள் சுறா, பெரிய தளபத்து போன்றவற்றைத் தவிர்க்கச் சொல்வது அதனால். நெத்தலிக்கும் திரளிக்கும் அந்தப் பயம் குறைவு.

கடைசியாக, உங்கள் சாப்பாட்டுத் தட்டை வைத்தே ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சோறு, தேங்காய், மரக்கறி எல்லாம் மட்டம் 1. எருமைத் தயிர் மட்டம் 2, எருமை புல்லைத் தின்றது. திரளியையும் ஏறக்குறைய 2 என்று வைக்கலாம். நாங்கள் தின்பவற்றின் சராசரி மட்டத்தோடு 1ஐக் கூட்டினால் நம்முடைய மட்டம் வரும். 100 பங்கு சக்தியில் 80 சோற்றிலும் மரக்கறியிலும் இருந்து, 20 தயிரிலும் திரளியிலும் இருந்து வந்தால், 0.8 உம் 0.4 உம் சேர்ந்து 1.2, அதோடு 1. உங்கள் மட்டம் 2.2. உலக மனிதர் எல்லாருக்கும் சேர்த்து 2013இல் வெளியான ஓர் ஆய்வு கண்ட சராசரியும் 2.21தான். அது நெத்தலிக்கும் பன்றிக்கும் பக்கத்தில் வருகிற எண். அந்த 20 பங்கும் தயிருக்கும் திரளிக்கும் பதிலாக, மட்டம் 4இல் நிற்கிற அறுக்குளாவில் இருந்து வந்தால் உங்கள் எண் 2.6 ஆக மட்டுமே ஏறும். ஆனால் பின்னால் இருக்கிற பச்சையின் கணக்கு வேறு. பத்தில் ஒன்று என்று வைத்தால், முதல் தட்டுக்குச் செடியும் அல்காவும் 280 பங்கு சக்தியைப் பிடித்திருக்க வேண்டும். அறுக்குளாத் தட்டுக்கு 20,080 பங்கு.